நேற்றைய ரொட்டி

"தொடை தீந்துபோச்சா, இல்ல எனக்குத் தெரியாம ஒளிச்சு வச்சிருக்கியா?" என்று கேட்டார் ஏசா பிளெட்சோ. வாய் நிறையக் கோழி. கொழுப்பு தாடிக்குள் இறங்கி, தாடியிலிருந்து ஓட்டுச்சீட்டுக் கட்டின் மேல் சொட்டியது.

டெல்ஃபியா ஸ்ட்ரவுட் கூடையின் அடியிலிருந்து கடைசித் தொடையை எடுத்து அவர் தட்டில் வைத்தாள். சொட்டிய இடத்தை ஏப்ரன் நுனியால் ஒற்றினாள்.

"சீட்டைத் தள்ளி வச்சுட்டுத் தின்னா என்ன மாமா?"

"சீட்டு எங்க ஓடப்போகுது? கோழிக்குத்தான் கால் உண்டு." அவரே சிரித்துக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த முடிவெட்டும் டாலிவரும் சிரித்தான். சிரித்துவிட்டுப் புகையிலை எச்சிலைத் தகரத்தில் துப்பினான். தகரத்துக்கும் தட்டுக்கும் நடுவில் ஈக்கள் போய்வந்தன.

டர்க்கி ஃபோர்க் பள்ளிக்கூடத்தில்தான் எப்போதும் ஓட்டுப்பதிவு. வேட்பாளருக்கு ஒருவராக இவர்கள் இருவரும்தான் நடுவர்கள். வாத்தியார் மேஜை மேல் பெட்டி. மூலையில் கயிறு கட்டிக் குதிரைப் போர்வை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். போர்வைக்குப் பின்னால் ஒரு பெஞ்சு, நூலில் கட்டிய பென்சில். போர்வையில் குதிரை வாடை அடித்தது. ஜூலை மாதம். மில் சங்கு ஊதி மதிய இடைவேளை விட்டிருந்ததால், பீப்பாய்ப் பலகை மில்லின் ஆட்கள் மரத்தூள் தலையோடு வரிசையில் நின்றார்கள். மில்லில் கறுப்பர்களும் நிறையப் பேர். அவர்கள் பள்ளிக்கூடத்துப் பக்கம் வரவில்லை. வந்தால் என்ன ஆகும் என்று கேட்கிறவர்கள் எங்கள் ஊரில் யாரும் இல்லை.

வரிசை ஓரமாகக் கர்னல் டீக் நின்றிருந்தான். எந்தப் போருக்கும் போகாத கர்னல். பருத்தி ஆலை, கடை, ஆற்றோர நிலம் எல்லாம் அவனுடையவை. தலைவரி கட்டிய ரசீது இருந்தால்தான் ஓட்டு. மில் ஆட்கள் பெயருக்கெல்லாம் அந்த ரசீதை அவனே வாங்கி வைத்திருந்தான். ஒவ்வொருவன் கையிலும் ஒன்றைத் திணித்து, தோளில் தட்டி, உள்ளே அனுப்பினான்.

"உன் ஆளுங்க ஒருத்தன் விடாம வந்துட்டாங்க டெல்ஃபி," என்றான். "கிறிஸ்மஸுக்கு முன்னாடி உன் பையன் லாய் உன் அடுப்படியில உக்காந்திருப்பான். எழுதி வச்சுக்கோ."

"எனக்கு எழுதத் தெரியாதுங்களே கர்னல்."

"அப்போ நெனப்புல வச்சுக்கோ."

நினைப்பில் வேறெதுவும் இல்லை அவளுக்கு.

டெல்ஃபியா ஆற்று மனுஷி. மரக்கட்டைத் தெப்பம் ஓட்டுகிறவர்களின் கூடாரத்தில் பிறந்தவள். தெப்பக்காரன் வைலி ஸ்ட்ரவுட்டைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தாள். சங்கிலி அறுந்து கட்டைகள் உருண்ட அன்று வைலி அடியில் போனான். அடுத்த கோடையில் காய்ச்சல் இரண்டு பெண் குழந்தைகளைக் கொண்டுபோனது. மிஞ்சியவன் லாய் ஒருவன்தான். அவனை வளர்க்க, மில் ஆட்களுக்குச் சாப்பாடு போட ஆரம்பித்தாள். எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் சோள ரொட்டிதான். இவள் சின்ன வயதில் நீராவிப்படகுச் சமையல்காரி ஒருத்தியிடம் கற்றுக்கொண்ட கோதுமை ரொட்டி சுடுவாள். ஜாடியில் தீரவிடாமல் காத்துவரும் புளிப்பு மாவை இரவே கலந்து, விடியலில் பிசைந்து, உப்பவைத்துச் சுடுவது. வெட்டினால் பஞ்சு மாதிரி இருக்கும். மில் முதலாளி வடக்கே இண்டியானாவிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தபோது, சோள ரொட்டியைப் பார்த்து இது பன்றிக்குப் போடுவது என்று முகத்தைச் சுளித்த அத்தனை பேரும் இவள் மேஜைக்கு வந்து சேர்ந்தார்கள்.

லாய் சிறைப் பண்ணையில் இருந்தான். பன்றி திருடினான் என்று வழக்கு. எங்கள் பக்கம் பன்றிகள் காட்டில் தானாக மேயும். காதில் வெட்டிய அடையாளம்தான் உரிமை. லாய் சுட்ட பன்றிக்கு ஒரு காது நாய் கடித்துக் கிழிந்திருந்தது. தங்களுடையது என்றான் அவன். தன்னுடையது என்றான் டீக். கிழிந்த காதை நீதிமன்றத்தில் ஜாடியில் போட்டுக் கொண்டுவந்து காட்டினார்கள். ஜூரியில் பாதிப் பேர் டீக்கின் நிலத்தில் பயிர் வைக்கிறவர்கள். மூன்று வருஷம் கிடைத்தது.

பிறகு கவர்னர் வாஷிங்டனுக்குப் போனார். அங்கே செனட்டில் இடம் கிடைத்ததும் இங்கே வாங்கிய நாற்காலியை உட்கார்ந்து சூடாக்கக்கூட இல்லை, விட்டுவிட்டுப் போய்விட்டார். இடைத்தேர்தல் என்று அறிவித்தார்கள். டீக்கின் ஆள் ஜட்ஜ் ப்யூர்ஃபாய். எதிரில் டாக்டர் விட்லோ. இரண்டு பேரையும் நாங்கள் பார்த்ததில்லை. ஒருவரையொருவர் திருடன் என்று பத்திரிகையில் சொன்னார்கள். இரண்டையும் நம்பினோம்.

ஜூன் மாதம் டீக் அவள் சமையலறைக்கு வந்தான். தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்தான். சுட்டு ஆறவைத்த ரொட்டியைக் கேட்காமல் பிய்த்துத் தின்றான்.

"உன் மேஜையில தின்கிறவன் உன் பேச்சைக் கேப்பான்," என்றான். "இந்த வடக்கத்தியானுங்க என் பேச்சைக் கேக்க மாட்டானுங்க. ஜட்ஜுக்குப் போடச் சொல்லு. ஜட்ஜ் கவர்னரானா லாய்க்கு மன்னிப்பு. நானே தலைநகருக்குப் போய் வாங்கிட்டு வரேன்."

"பன்னி உங்களுது கர்னல். நீங்க இப்பவே சொன்னா விடமாட்டாங்களா?"

"பன்னி சமாச்சாரம் வேற. இது அரசியல்."

அன்று இரவுச் சாப்பாட்டில் அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஆட்களிடம் கேட்டாள். பிச்சை கேட்கிற முகம் அவளுக்கு வராது. சண்டைக்கு நிற்கிறவள் மாதிரி கேட்டாள். "எனக்கு ஓட்டு கிடையாது. உங்களுக்கு இருக்கு. ஜட்ஜ் ப்யூர்ஃபாய். பேரை மறந்துடாதீங்க. என் பையன் வெளிய வருவான்."

"இந்த ரொட்டிக்காக சாத்தானுக்கே போடுவோம்மா," என்றான் வெர்ல் ஹோஸ்டெட்டர். இண்டியானாக்காரர்களில் மூத்தவன், ரம்பத்துக்குப் பொறுப்பானவன். "ஜட்ஜ்தானே? அவர் அவ்வளவு மோசமா இருக்க மாட்டார்."

மேஜை முழுக்கச் சிரித்தது. எல்லோரும் சரி என்றார்கள்.

ஓட்டுப்பதிவு அன்று மதியம் கூடையைக் காலி செய்துகொண்டு டெல்ஃபியா கிணற்றடிக்கு வந்தபோது வெர்ல் பம்பில் முகம் கழுவிக்கொண்டிருந்தான்.

"முடிஞ்சதும்மா," என்றான். "எங்காளுங்க எல்லாரும் போட்டாச்சு. ஜட்ஜ் பேர் மேலயே போட்டேன், இந்தாப் பெரிய பெருக்கல். கண்ணு தெரியாதவனுக்குக்கூடத் தெரியும்."

அவள் கூடையைக் கீழே வைத்தாள்.

"பேர் மேலயா?"

"மேலயேதான்."

"அடிச்சியா?"

"அடிக்கலைம்மா. குறி போட்டேன். ஊர்ல எப்பவும் போடற மாதிரி. எல்லாருக்கும் நான்தான் சொல்லிக் குடுத்தேன், பேர் மேல பெருக்கல் போடுங்கடான்னு."

எங்கள் மாநிலத்தில் வேண்டாதவன் பெயரை அடிக்க வேண்டும். அடிபடாமல் மிச்சம் நிற்கிறவனுக்கு ஓட்டு. இங்கே பிறந்த குழந்தைக்கும் அது தெரியும். ஓட்டே இல்லாத டெல்ஃபியாவுக்கும் தெரியும். வேறு மாதிரி ஓட்டுப் போடுகிற ஊர் உலகத்தில் இருக்கும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. அதனால் யாரும் சொல்லவில்லை.

"இங்க அப்படி இல்ல வெர்ல்," என்றாள். மெதுவாகச் சொன்னாள். "இங்க யாரை அடிக்கறயோ அவன் உனக்கு வேண்டாம்னு அர்த்தம்."

வெர்ல் முகத்தில் தண்ணீர் வழிந்தபடி நின்றான். துடைக்க மறந்துவிட்டான். "வேண்டாதவன் பேரையா? எந்தக் கிறுக்கன் யோசிச்ச வழி இது?"

"இந்த ஊர்க் கிறுக்கனுங்கதான்."

"போய்ச் சொல்றேம்மா. தப்பாயிடுச்சுன்னு சொல்லித் திரும்பப் போடறோம்."

"பெட்டியில விழுந்ததைக் குடுக்க மாட்டாங்க."

டீக்கிடம் அவளே போய்ச் சொன்னாள். மறைத்திருந்தால் எண்ணும்போது தெரிந்துபோகும், அவள் ஏமாற்றினாள் என்று ஆகிவிடும். டீக் பள்ளிக்கூடத்தின் பின்புறம் வேலியோரமாகச் சிறுநீர் கழித்துக்கொண்டிருந்தான். நிறுத்தாமலே கேட்டான்.

"ஒருத்தன் விடாமயா?"

"ஒருத்தன் விடாம."

"கழுதைங்க. கழுதைக்குப் பொறந்த கழுதைங்க." பொத்தானைப் போட்டான். ஆற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அவன் முகம் தெளிந்தது. 

"பென்சில்தானே?" என்றான்.

"பென்சில்தான்."

"நேத்து ரொட்டி இருக்கா வீட்ல? கோதுமை ரொட்டி?"

பென்சில் எழுத்தை ரொட்டியின் உள்பஞ்சால் அழிக்கலாம் என்பது எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்குத் தெரியும். ரப்பர் வாங்க முடியாதவர்கள் அப்படித்தான் அழித்தோம். புதிய ரொட்டி ஈரம், தாளில் ஒட்டும். ஒரு நாள் ஆன ரொட்டிதான் சரி.

"இருக்கு," என்றாள்.

"சாயங்காலச் சாப்பாட்டோட கொண்டா. இன்னொண்ணு. டாலிவர் நம்ம ஆள். ஏசா எதிராளியோட நடுவர். அவர் கண்ணு முழிச்சிருந்தா ஒண்ணும் நடக்காது. அவருக்கு நல்லாப் போடு. பீச் பழம் வச்சு ஒண்ணு சுடுவியே, அதுல விஸ்கி கலந்து சுடு. கஞ்சத்தனம் பண்ணாத. போத்தல் நான் அனுப்பறேன்."

"அவர் எனக்கு மாமா முறை ஆகணும் கர்னல்."

"லாய் உனக்கு என்ன முறை?"

ஓட்டுப்பதிவு முடிந்து கதவைச் சாத்தியபோது வெயில் இன்னும் ஜன்னலில் இருந்தது. எண்ணுவதற்கு முன் சாப்பாடு என்றான் டாலிவர். ஏசா மாமா மறுக்கிறவர் இல்லை. நேர்மையான மனுஷன் என்று பெயர் எடுத்தவர். சர்ச்சில் முன்பெஞ்சு. டெல்ஃபியா பன்றித் தொடை வறுவல் வைத்தாள். வெண்ணெய் மிதக்கும் பீன்ஸ் வைத்தாள். பீச் இனிப்பை வைத்தாள். அவர் கரண்டியை விட்டுவிட்டுக் கையால் எடுத்தார். தட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் வழித்து நக்கினார்.

"இதுல என்னவோ இருக்கு," என்றார்.

"ஜாதிக்காய், மாமா."

"ஜாதிக்காய்னா இன்னொரு கரண்டி வை. இதே மாதிரி எல்லாத் தேர்தலும் இருந்தா வருஷத்துக்கு நாலு கவர்னர் சாகலாம்."

"சாகலை மாமா, வாஷிங்டன் போயிட்டார்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

இன்னொரு கரண்டி வைத்தாள். அதற்குப் பிறகும் ஒன்று வைத்தாள். அவர் கேட்கவில்லை, அவளாக வைத்தாள். அவர் நாற்காலியிலேயே சாய்ந்தார். வாய் திறந்துகொண்டது. கீழ்ப் பல்லில் இறைச்சி நார் தொங்கியது. ஒரு ஈ உதட்டில் உட்கார்ந்து உள்ளே பார்த்தது.

டீக் பின்கதவால் உள்ளே வந்தான். பெட்டியைக் கவிழ்த்தான். இண்டியானா பெருக்கல்கள் போட்ட சீட்டுகளைத் தனியாகப் பிரித்தான். ரொட்டியைப் பிய்த்துத் தானே தேய்த்தான். விரல் தடிமன், அவசரம் வேறு. முதல் சீட்டே கிழிந்தது. அதைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டான்.

"நீ தேய்," என்றான் அவளிடம். "உன் கை மாவுக் கை. மேல இருக்கறது ஜட்ஜ். அது மேல இருக்கற பெருக்கலை எடு. கீழ இருக்கறதை டாலிவர் அடிப்பான்."

டெல்ஃபியா உட்கார்ந்தாள். பிள்ளைகளின் பெஞ்சு அது, முழங்கால் மார்பில் இடித்தது. ரொட்டியின் நடுவை எடுத்து உருட்டினாள். மெல்லத் தேய்த்தாள். பெருக்கல் கரைந்தது. வெள்ளைப் பஞ்சு சாம்பல் நிறமானது, பிறகு கருத்தது. அதை ஒதுக்கிவிட்டு அடுத்த துண்டைப் பிய்த்தாள். வெர்ல் நிஜமாகவே அழுத்திப் போட்டிருந்தான். எல்லோருமே அழுத்திப் போட்டிருந்தார்கள், அவளுக்காக. ஒவ்வொன்றையும் தேய்த்து எடுக்க வேண்டியிருந்தது. பக்கத்தில் டாலிவர் கோடு இழுத்துக்கொண்டே போனான். ரொட்டி வாடையும் விஸ்கி வாடையும் எச்சில் தகரத்தின் வாடையும் சேர்ந்து அறையில் நின்றன. டீக் ஜன்னலோரம் நகம் வெட்டினான்.

"சுத்தமா வருது பாரு," என்றான் டாலிவர். "சவரம் பண்ணின மாதிரி."

அவள் அடுத்த சீட்டை இழுத்தாள்.

கடைசிச் சீட்டு பெட்டிக்குள் போனதும் டீக் பின்கதவால் வெளியே போனான். ஏசா மாமா விழித்துக்கொண்டார். உமிழ்நீரைத் துடைத்துக்கொண்டார். கண் இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. கை மட்டும் மேஜையைத் தடவியது. ஒதுக்கி வைத்த ரொட்டி உருண்டைகள் கையில் பட்டன.

"ரொட்டி இன்னும் இருக்கே," என்றார்.

"மாமா, அது வேண்டாம். அது பழசு."

"உன் ரொட்டி பழசானா என்னடி?" இரண்டு உருண்டைகளை எடுத்து வாயில் போட்டார். சாம்பல் நிற உருண்டைகள். மென்றார். விழுங்கினார். முன்பல்லில் கருப்புப் படிந்திருந்தது. "கொஞ்சம் கருகிடுச்சு," என்றார். "பரவாயில்ல."

டாலிவர் மேஜைக்கு அடியில் குனிந்து சிரித்தான். பிறகு சீட்டுகளை எண்ணினார்கள். ஏசா மாமா ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, சரி என்று சொல்லி, கையெழுத்துப் போட்டார்.

ஜட்ஜ் ப்யூர்ஃபாய் மாநிலம் முழுக்கப் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். டர்க்கி ஃபோர்க் பெட்டியை ஆற்றில் போட்டிருந்தாலும் ஜெயித்திருப்பார். வேறு ஊர்களில் யார் எதைத் தேய்த்தார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள யாரும் ஆசைப்படவும் இல்லை.

பருத்தி வெடிக்கிற சமயத்தில் லாய் வந்தான். டீக்கின் வண்டியில், டீக்கின் மேற்பார்வைக்காரனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். டெல்ஃபியா துணி துவைக்கிற தொட்டியை விட்டுவிட்டு ஓடினாள். அவன் இறங்கவில்லை. மேற்பார்வைக்காரனின் முகத்தைப் பார்த்தான்.

"சட்டுனு தின்னுட்டு வா," என்றான் அவன். அதன் பிறகுதான் லாய் இறங்கினான்.

உள்ளே உட்காரச் சொன்னாள். நின்றுகொண்டே தின்றான். தட்டைச் சுற்றி ஒரு கையை வளைத்து வைத்துக்கொண்டான். அவள் முதுகைத் தொடப்போனாள், விலகினான்.

"வீட்டுக்கு எப்படா வருவ?"

"தெரியாதும்மா. மன்னிப்பு இல்லையாம் இது. தண்டனை முடியற வரைக்கும் கர்னல் பொறுப்புல விட்டிருக்காங்க. அவர் வயல்ல வேலை. அவர் தொழுவத்துல படுக்கை. தாலுகாவை விட்டுப் போனா திரும்பப் பண்ணைக்கு."

"கூலி?"

"சோறு." ரொட்டியால் தட்டைத் துடைத்துத் தின்றான். "ரொட்டி அப்படியேதான் இருக்கு."

ஏப்ரனைக் கழற்றாமல் அவள் டீக்கின் கடைக்குப் போனாள். கடையில் கூட்டம். டாலிவர் பீப்பாய் மேல் உட்கார்ந்திருந்தான். ஏசா மாமா கல்லாவோரம் பாலாடைக்கட்டி தின்றுகொண்டிருந்தார்.

"மன்னிப்புன்னு சொன்னீங்க கர்னல்."

"வெளிய வந்துட்டான்ல?"

"உங்க வயலுக்கு வந்திருக்கான்."

"பண்ணையில சாட்டை. என் வயல்ல சாட்டை கிடையாது. ஞாயித்துக்கெழமை மத்தியானம் உங்கிட்ட சாப்பிட அனுப்பறேன். இதுக்கு மேல என்ன வேணும்? பன்னி என்னுது டெல்ஃபி. மறந்துட்டியா?"

"நீங்க சொன்னதுனாலதான் நான் அழிச்சேன்."

 டீக் கல்லாவில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு முன்னால் சாய்ந்தான்.

"எதை?" என்றான். அன்பாகக் கேட்டான். "எதை அழிச்ச? சத்தமாச் சொல்லு, எல்லாரும் கேக்கட்டும். அதுக்கு எத்தனை வருஷம்னு ஏசாவுக்குத் தெரியும். லாய் போன வழி உனக்கும் தெரியும். சொல்லு."

எல்லோரும் அவளைப் பார்த்தோம். டாலிவர் உப்பு மீன் பீப்பாயைப் பார்த்தான். டெல்ஃபியா ஏசா மாமாவைப் பார்த்தாள். அவர் மெல்லுவதை நிறுத்தியிருந்தார். என்ன அழித்தாள் என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன்.

அவர் விழுங்கினார். "அன்னைக்கு ரொட்டி அருமையா இருந்துச்சும்மா," என்றார்.

"ஒண்ணு குடுத்தனுப்பு," என்றான் டீக். "வீட்ல கேட்டுக்கிட்டே இருக்கா."

அவள் திரும்பி நடந்தாள். கதவின் கம்பிவலை அவளுக்குப் பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது.

மறுநாள் வழக்கம்போல விடியலில் மில் சங்கு ஊதியது. டெல்ஃபியா சோள ரொட்டி போட்டாள். கோதுமை மாவு தீர்ந்துவிட்டதா என்று வெர்ல் ஹோஸ்டெட்டர் கேட்டான். தீரவில்லை என்றாள். ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு தின்றார்கள்.  அவர்கள் போன பிறகு புளிப்பு மா வைத்திருந்த மண்ஜாடியைப் பின்பக்கம் கொண்டுபோய்ப் பன்றித் தொட்டியில் கவிழ்த்தாள். பன்றிகள் தின்றன. ஜாடியைக் கழுவிக் காயவைத்தாள். பத்து மணிக்கு டீக் வீட்டு வேலைக்காரி ரொட்டிக்கு வந்தாள். இல்லை என்று சொல்லி அனுப்பினாள். மதியம் லேசாக மழை பெய்தது. பருத்தி நனையக்கூடாது என்று டீக்கின் வயலில் ஆட்களை விரட்டினார்கள். லாய் மூட்டை தூக்கினான். இரவுச் சாப்பாட்டுக்குப் பீன்ஸ், உப்புப் பன்றி, சோள ரொட்டி.